புதுக் குடித்தனத்துக்கு ஒரு மளிகைச் சிட்டை

தம்பி மகளுக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது. மதுரை புதூரில் வீடு பிடித்து, பால் காய்ச்சி, இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். முதல் மாத மளிகை பில்லைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். முழ நீளம் இருந்தது. 47 சாமான், 9,640 ரூபாய். கீழே ஒரு வரி: "பெரியப்பா, ரெண்டு பேருக்கு இவ்வளவு ஆகுமா? எந்தக் கடை சீப்?"

நான் கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் 31 வருஷம் கணக்கெழுதியவன். விலை எப்படி ஏறுகிறது, எங்கே ஏறுகிறது என்பதைக் கல்லாவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. வெளிப்பக்கம் நின்று வாங்குவது எப்படி என்பதை வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவள் என் மனைவி. தம்பி மகள் கேட்ட கேள்விக்கு மட்டும் எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. எல்லாச் சாமானும் சல்லிசாகக் கிடைக்கிற கடை என்று ஒன்று இந்த ஊரில் கிடையாது. இருந்தால் மற்ற கடைக்காரர்கள் எப்போதோ கதவை இழுத்து மூடியிருப்பார்கள். எந்தச் சாமானுக்கு எந்தக் கடை, எந்த மாதம், எந்த அளவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"சொல்லுங்க, ஆனா நம்பர் போட்டு அனுப்புங்க. இல்லாட்டி படிக்க மாட்டேன்" என்றாள். போட்டிருக்கிறேன். புதிதாகக் குடித்தனம் வைக்கிற மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

1. முதல் மூன்று மாதம் விலை பார்த்து அலையாதே தாயி. பில்லை மட்டும் சேர்த்து வை. உன் வீட்டுக்கு என்ன தேவை என்பதே இன்னும் உனக்குத் தெரியாது. அம்மா வீட்டுச் சிட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறாய்; அங்கே ஆறு பேர்.

பிறகு ஒரு பென்சிலை எடுத்து, தொகை பெரிதாக உள்ள வரிகளுக்கு மட்டும் பக்கத்தில் புள்ளி வை. நீ அனுப்பிய பில்லில் நான் வைத்துப் பார்த்தேன். அரிசி, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், நெய், துவரம் பருப்பு, உளுந்து, காபித்தூள், துணி பவுடர், பாத்திரம் விளக்கும் திரவம், முந்திரி, ஷாம்பு. இந்தப் பதினொன்றும் சேர்ந்து 6,900 ரூபாய். மிச்சம் 36 சாமானும் கூட்டினால் 2,740தான். கடை கடையாக ஒப்பிட வேண்டியது அந்தப் பதினொன்றை மட்டும். கடுகு, வெந்தயம், பெருங்காயத்துக்கெல்லாம் கடை ஏறி இறங்கினால் செருப்புதான் தேயும். அவற்றைக் கிட்ட இருக்கிற கடையில் வாங்கிக்கொள்.

2. ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பார். இதைச் சொல்லாதவர்கள் இல்லை, செய்கிறவர்கள்தான் குறைவு. ஒரு பாக்கெட் 400 கிராம், பக்கத்துப் பாக்கெட் 450 கிராம், மூன்றாவது ஒரு கிலோவோடு 200 கிராம் இலவசம். மூன்றும் பார்வைக்கு ஒரே உயரம். எங்கள் காலத்தில் 100, 200, 500, கிலோ என்று கட்டுகள் நேராக இருந்தன, மனக்கணக்கு போதும். இப்போது 5 ரூபாய் பிஸ்கட் இன்னும் 5 ரூபாய்தான், உள்ளே பிஸ்கட்தான் வருஷா வருஷம் குறைகிறது. விலையை ஏற்றினால் சண்டைக்கு வருவீர்கள், எடையைக் குறைத்தால் யாரும் கேட்பதில்லை என்று கம்பெனிக்குத் தெரியும்.

பாக்கெட்டின் முதுகில் சில வருஷமாக 'யூனிட் சேல் பிரைஸ்' என்று ஒன்று அச்சிடுகிறார்கள். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சட்டப்படி போட்டாக வேண்டும். அதைப் பார்க்கப் பழகு. ஆனால் அதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்றும், கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் போடுவார்கள். ஒன்றில் 0.12, இன்னொன்றில் 115. இரண்டையும் பார்க்கிறவளுக்குத் தலை சுற்றும். ஆயிரத்தால் பெருக்கினால் 120, 115 என்று வரும். சரிதானே என்று எடுத்துவிடாதே. இரண்டாவது சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்த எண்ணைப் பைசாவுக்கு முழுமையாக்கிப் போடுகிறார்கள். 500 கிராம் துணி பவுடர் 62 ரூபாய் என்றால் கிராமுக்கு 12.4 பைசா. அச்சில் 0.12. நிஜத்தில் கிலோ 124. அச்சை நம்பிப் பெருக்கினால் 120. விலை மலிந்த சாமானில் இந்த முழுமையாக்கலுக்குள் கிலோவுக்கு ஐந்து ரூபாய் வரை ஒளிந்துகொள்ளும். அதிக விலைச் சாமானில், காபித்தூள், ஏலக்காய் போன்றவற்றில், இது பெரிதாகத் தெரியாது. மலிந்த சாமானுக்குப் போனில் இருக்கிற கால்குலேட்டரையே நம்பு.

பெரிய பாக்கெட்தான் எப்போதும் லாபம் என்பதும் கிடையாது. ஷாம்பு ஒரு உதாரணம். பாட்டிலில் ஒரு மில்லிக்கு என்ன விலை, தொங்குகிற சாஷேயில் ஒரு மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார். அநேகமாகச் சாஷேதான் ஜெயிக்கும். 1983இல் கடலூரிலிருந்து சிக் ஷாம்பு கிளம்பி ஊர் ஊராகச் சாஷேயில் போனதே, அதன் பிறகு பெரிய கம்பெனிகளும் அந்த விலைக்கு இறங்கி வர வேண்டியதாயிற்று. இன்றைக்கும் பாட்டில் வாங்குகிறவர்கள் ஒரு கணக்கு, சாஷே வாங்குகிறவர்கள் ஒரு கணக்கு. காலிச் சாஷே சாக்கடையை அடைக்கிறது என்று உனக்கு உறுத்தினால் பாட்டில் வாங்கு. ஆனால் பாட்டில் மலிவு என்று நினைத்து வாங்காதே.

3. எண்ணெய். இதற்குத் தனி நம்பர் வேண்டும். நான் கணக்கெழுதிய 31 வருஷத்தில் படித்தவர்களும் தடுக்கி விழுந்த இடம் இது.

மொத்தக் கடையில் எண்ணெய் டின் 15 கிலோ. வீட்டில் நாம் பேசுவது லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். ஆக ஒரு டின்னில் பதினாறரை லிட்டர் வரும். இப்போது கணக்குப் பார். டின் 2,850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் "கிலோ 190 விழுது" என்பார். சூப்பர் மார்க்கெட்டில் லிட்டர் பாக்கெட் 185. அங்கே ஐந்து ரூபாய் குறைவு என்று நீ திரும்பி வந்துவிடுவாய். ஆனால் அந்த டின் எண்ணெய் லிட்டருக்கு 173தான் ஆகிறது. பன்னிரண்டு ரூபாயை அங்கே விட்டுவிட்டு, ஐந்து ரூபாய் மிச்சம் என்று மாப்பிள்ளையிடம் பெருமை வேறு பேசுவாய்.

பாக்கெட்டிலும் கவனம் வேண்டும். எண்ணெய் சூட்டுக்கு விரியும். சித்திரை வெயிலில் அதே எண்ணெய் கொஞ்சம் கூடுதல் இடத்தை அடைக்கும். எடை மாறாது. எனவே லிட்டரை விடு, பாக்கெட்டில் கிராம் எவ்வளவு என்று பார். ஒரே பருமனில் இருக்கிற இரண்டு பாக்கெட்டில் ஒன்று 910 என்றும் இன்னொன்று அதைவிடக் குறைத்தும் போட்டிருக்கும். போட்டிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை.

செக்கு எண்ணெயை ரீஃபைண்டு எண்ணெயோடு விலையில் ஒப்பிடாதே. இரண்டும் வேறு சரக்கு. செக்கை இன்னொரு செக்கோடு ஒப்பிடு. இரண்டு பேருக்கு டின் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவும் மாமியாரும் பங்கு போட்டுக்கொண்டால் மட்டும் வாங்கு.

4. ஒரே சரக்கா என்று பார்த்த பிறகு விலையைப் பார்.

துவரம் பருப்பு என்று பில்லில் ஒரே பெயர்தான் வரும். கடைக்குள்ளே அது நாட்டுப் பருப்பு, லைன் பருப்பு, உடைசல் என்று பல சாதி. தான்சானியா, மொசாம்பிக், மியான்மர் என்று கப்பலேறி வருவதும் அதில் உண்டு. வந்த நாட்டினால் ஒரு பருப்பு மட்டமாகிவிடாது. பழசா புதுசா, எப்படி உடைத்தது, எண்ணெய் பூசியதா என்பதுதான் சேதி.

ஒரு தடவை நான் கடையிலிருந்தே இரண்டு பருப்பு கொண்டுபோனேன். ஒன்று கிலோ 140, ஒன்று 126. பதினான்கு ரூபாய் வித்தியாசத்துக்கு ருசியில் என்ன பெரிய வித்தியாசம் வரப்போகிறது என்று எனக்கு இளக்காரம். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு டம்ளரில் நூறு நூறு கிராம் அளந்தாள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டு அரை மணி ஊறவைத்தாள். ஒரே குக்கருக்குள் இரண்டு கிண்ணமாக வைத்து நாலு விசில். திறந்தபோது விலை கூடின பருப்பு கரண்டி பட்டதும் வெண்ணெயாகக் கரைந்தது. மற்றது பருப்புப் பருப்பாக நின்றது, மேலே தெளிந்த தண்ணீர். மசித்து இரண்டையும் ஒரே பதத்துக்குக் கொண்டுவர, நின்ற பருப்புக்கு இன்னும் இரண்டு விசிலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் பருப்பும் தேவைப்பட்டது. "இப்பக் கணக்கெழுதுங்க" என்றாள். எழுதினேன். 126 ரூபாய்ப் பருப்பு சாம்பாராக ஆகும்போது 151 ரூபாய். கேஸ் தனி.

அதிலிருந்து எங்கள் வீட்டில் புதுக் கடை, புது பிராண்டு எதுவானாலும் முதலில் கால் கிலோதான். உளுந்துக்கும் இதே சோதனை. ஒரு டம்ளர் உளுந்து எத்தனை டம்ளர் மாவு காண்கிறது என்று கிரைண்டரில் தெரிந்துவிடும். அரிசிக்கு, பழைய அரிசி கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூட இருந்தாலும் சோறு காணும். புது அரிசி குழையும்.

அரிசி என்றதும் இன்னொன்று. 25 கிலோ மூட்டைக்குப் பக்கத்தில் 26 கிலோ மூட்டை நிற்பதைப் பார்த்திருப்பாய். எதற்கு இந்த ஒற்றைக் கிலோ? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அடுத்த சில வாரத்தில் நம் அரிசி மண்டிகளில் சாக்கு ஒரு கிலோ பெருத்துவிட்டது. உனக்கு வேண்டியது வகுத்தல் மட்டும்தான். 25 கிலோ 1,500 என்றால் கிலோ 60. 26 கிலோ 1,534 என்றால் கிலோ 59. மூட்டை விலையில் 34 ரூபாய் கூட, கிலோவில் ஒரு ரூபாய் குறைவு. இரண்டையும் 25ஆல் வகுத்துவிட்டுச் சண்டை போட்ட ஒரு வாத்தியாரை எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் வேறு.

5. எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்சவரம்பு. அது சரக்கின் மதிப்பு கிடையாது. "எம்.ஆர்.பி.யில் 40 குறைச்சல்" என்று சிவப்புச் சீட்டு தொங்கினால், எதிலிருந்து குறைத்தார்கள் என்று பார்க்காதே, கடைசியில் என்ன கொடுக்கிறாய் என்று பார். சில சாமானில் எம்.ஆர்.பி.யை உயரத்தில் அச்சடிப்பதே இறக்கிக் காட்டத்தான். பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது 1,212 ரூபாய்" என்று போடுகிறார்களே, அந்த வரியை நீ எனக்கு வட்டம் போட்டு அனுப்பியிருந்தாய். அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளையைத் தேடச் சொல்.

6. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால், முதலில் தேதியைப் பார். பிறகு அந்த ஒன்றே உனக்கு வேண்டுமா என்று கேட்டுக்கொள்.

7. ரேஷன் கார்டு வாங்கு. இருவர் பெயரையும் பிறந்த வீட்டுக் கார்டுகளில் நீக்கிவிட்டு, புதுக் கார்டுக்கு எழுதிப் போடுங்கள். "ரேஷன்ல போய் நிக்கவா பெரியப்பா?" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25. சர்க்கரை கிலோ 25. அரிசிக் கார்டு என்றால் அரிசிக்குக் காசே கிடையாது. இந்த விலைக்குப் பக்கத்தில் வரக்கூடிய கடை நாட்டில் எங்கும் கிடையாது. ஒப்பிடுகிற வேலையே மிச்சம். ரேஷன் பருப்பைச் சாம்பாருக்கு வைத்துக்கொண்டு, பருப்புப்பொடிக்கும் ரசத்துக்கும் நல்ல பருப்பை வெளியில் வாங்கு. அரிசி ஒரு மாதம் நன்றாக வரும், ஒரு மாதம் சுமாராக வரும். சுமாரான மாதம் ஊறவைத்து இட்லிக்குப் போடு. உன் பெரியம்மா முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறாள். எங்கள் வீட்டு இட்லியைத் தின்றுவிட்டு நீ ஒருநாளும் குறை சொன்னதில்லை.

8. காய்கறிக்கு விலைப்பலகையைப் பார். உழவர் சந்தை என்பது நம் ஊரில் பிறந்த சங்கதி. 1999 நவம்பர் 14இல் அண்ணா நகரில்தான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியது. அன்றைய விலை அங்கே பலகையில் எழுதியிருக்கும். மொத்த விலைக்கு மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே. விடியற்காலையில் போனால் காயும் நன்றாக இருக்கும். தினமும் போக முடியாது, தெரியும். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கு. அந்தப் பலகையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். அந்த வாரம் முழுக்க எந்தக் கடையில் என்ன சொன்னாலும் ஏறுகிறதா, ஏமாற்றுகிறார்களா என்று உனக்கே தெரியும்.

தள்ளுவண்டி அம்மா கத்தரிக்காயை ஐந்து ரூபாய் கூடச் சொன்னால் பேசாமல் கொடு. மாட்டுத்தாவணியில் இருட்டோடு இருட்டாக எடுத்து, உன் வாசல் வரை தள்ளிக்கொண்டு வருகிறாள். போனில் ஆர்டர் போட்டு ஹேண்ட்லிங் சார்ஜ் என்று வாய் திறக்காமல் கொடுக்கிறவர்கள், இவளிடம் ஐந்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விலை ஊரெங்கும் ஏறிவிட்டால் கடை மாற்றிப் பயனில்லை. 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டிப் போனது. சென்னையில் ரேஷன் கடையில் கிலோ 60 என்று அரசே விற்றது. அந்த மாதம் தக்காளிக்குக் கடை தேடி அலைந்தவர்கள் பத்து ரூபாய் மிச்சம் பிடித்தார்கள். எங்கள் வீட்டில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, பருப்பு உருண்டை என்று ஓடியது.

9. மாதம் பார்த்து வாங்கு. புது புளி மாசி, பங்குனியில் வரும். மிளகாய் வத்தலும் அதை ஒட்டித்தான். டெல்டாவில் நெல் அறுத்த தரிசில் விதைத்த உளுந்து பங்குனி, சித்திரையில் சந்தைக்கு வரும். வரத்து அதிகமாக இருக்கும்போது விலை இறங்கும், சரக்கும் புதுசு. பத்திரிகையில் வாரம் ஒருமுறை விருதுநகர் மார்க்கெட் நிலவரம் வரும், படித்துப் பார். பெரிதாக எதுவும் விளையாத ஊர். தென்மாவட்டத்துக்கு விலை அங்கேதான் பேசப்படும். அது மூட்டைக் கணக்கு, டின் கணக்கு. அந்த விலைக்கு உனக்குக் கிடைக்காது. ஏறுமுகமா இறங்குமுகமா என்று தெரிந்தால் போதும். முட்டைக்கு நாமக்கல் விலை தினமும் வருகிறது. புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி தொடாது, முட்டையும் கோழியும் இறங்கும். நீங்கள் விரதம் இல்லையென்றால் அதுதான் உங்கள் மாதம்.

ஆனால் வருஷச் சாமான் போடாதே. இது பட்டுச் சொல்வது. கல்யாணமான புதிதில், கடையில் வேலை பார்க்கிற மிதப்பில், 20 கிலோ துவரம் பருப்பை மலிவாகக் கிடைத்தது என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து இறக்கினேன். இரண்டே பேர். ஆவணியில் டின்னைத் திறந்தபோது பருப்பு நகர்ந்தது. வண்டு. சொளகில் போட்டுப் புடைத்து, மொட்டைமாடியில் காய வைத்து, திரும்பக் கட்டி, திரும்ப வண்டு விழுந்து, கடைசியில் பாதியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டோம். புளி, வத்தல், மல்லி தாங்கும். பருப்பு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். காபித்தூள் பதினைந்து நாள்.

10. தராசைப் பார். தட்டு வைத்ததும் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா, பை போட்டால் பையின் எடையைக் கழித்தார்களா என்று பார். மின்தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை அதைக் கவனிக்கிறது. எடை குறைந்தால் அவர்களிடம் சொல்லலாம்.

போன தீபாவளிக்கு நான் ஒரு கடையில் அரைக் கிலோ ஸ்வீட் வாங்கினேன். அட்டைப்பெட்டியோடு வைத்து நிறுத்தினார்கள். வீட்டில் வந்து காலிப் பெட்டியை நிறுத்தினால் 62 கிராம். கிலோ 600 ரூபாய் ஸ்வீட். பெட்டிக்கு 37 ரூபாய் கொடுத்திருக்கிறேன். எத்தனையோ பேருக்குத் தராசு பிடித்தவன் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் வந்துவிட்டேன். நீ என்னைப் போல் வெட்கப்படாதே. "பெட்டிய முதல்ல வச்சு ஜீரோ பண்ணுங்கண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போட்டுவிடுவார்கள்.

11. போகிற வழியையும் விலையில் சேர். ஆறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் 40 ரூபாய் குறைவு என்று மாப்பிள்ளை வண்டியை எடுத்தால், போய்வரப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெட்ரோல் மட்டும் 25, 30 ரூபாய். போன இடத்தில் இரண்டு பேரும் ஜூஸ் குடித்தால் கணக்கு தலைகீழ். ஆபீஸ் விட்டு வருகிற வழியில் இருக்கிற கடைதான் உனக்கு மலிவான கடை.

போனில் வாங்கும்போது முதல் பக்கத்து விலை வேறு, பணம் கட்டுகிற பக்கத்து விலை வேறு. டெலிவரி, ஹேண்ட்லிங், மழை பெய்தால் அதற்கொன்று, கூடை சிறிதாக இருந்தால் அதற்கொன்று. அந்தக் கடைசிப் பக்கத்துத் தொகையைத்தான் அண்ணாச்சி கடையோடு ஒப்பிட வேண்டும். டெலிவரி சார்ஜைத் தவிர்க்க 80 ரூபாய்க்கு ஏதோ ஒன்றைச் சேர்த்துப் போடுகிறாயே, அதுவும் செலவுதான்.

12. அண்ணாச்சி கடையை அடியோடு விட்டுவிடாதே. பாக்கெட் சாமானில் அவரால் பெரிய கடையோடு மல்லுக்கட்ட முடியாது. அவர்களுக்குக் கம்பெனியிலிருந்து வரும் விலையே வேறு, அதை நான் உள்ளிருந்து பார்த்திருக்கிறேன். உதிரிச் சாமானில் அவர் நிற்பார். நல்ல பருப்பு எது என்று கேட்டால், வழக்கமாக வருகிறவளுக்கு "இந்த லோடு வேணாம்மா, வியாழக்கிழமை வாங்க" என்பார். எந்த அலமாரியும் உன்னிடம் அப்படிச் சொல்லாது. 2020 ஊரடங்கில் இரவு எட்டு மணிக்குப் பாதி ஷட்டரைத் தூக்கிப் பால்பவுடர் எடுத்துக் கொடுத்ததும் இப்படிப்பட்ட ஒரு கடைதான். மாதக் கடைசியில் நோட்டில் எழுதிவிட்டுக் கொடுப்பார்; வட்டி கிடையாது.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. கடை நிறைய ஆள் நிற்கும்போது "அங்க பத்து ரூபா கம்மி" என்று சொல்லிவிடாதே. அவருக்கு விட்டுக்கொடுக்க மனசிருந்தாலும் நாலு பேர் முன்னால் முடியாது. ஒருவருக்குக் குறைத்தால் நால்வரும் கேட்பார்கள். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் போய், முழுச் சிட்டையையும் நீட்டி, "மொத்தமா போட்டுக் குடுங்கண்ணாச்சி, பார்த்து விலை போடுங்க" என்று சொல். ஒவ்வொன்றாகப் பேரம் பேசாதே. சிட்டை முழுவதுக்கும் சேர்த்துக் கையைக் கடிக்காத அளவுக்குக் குறைப்பார். மேலே ஒரு பிடி கறிவேப்பிலை கொசுறு.

13. ஒரு நோட்டுப் போடு. போனில் எழுதினாலும் சரி. தேதி, சாமான், எந்தக் கடை, எடை, கொடுத்த தொகை, கிலோவுக்கு எவ்வளவு. அந்தப் பதினொரு சாமானுக்கு மட்டும். நம் ஞாபகத்தில் இருக்கிற விலை பெரும்பாலும் பழைய விலை. அதை வைத்துத்தான் "ரொம்ப ஏத்திட்டான்" என்று திட்டுகிறோம். நோட்டு இருந்தால் ஏறினது எவ்வளவு, எப்போது, இறங்க வேண்டியது இறங்கியதா என்று தெரியும். 2025 செப்டம்பர் 22இல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கெல்லாம் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. என் மனைவி அதற்கு முந்தின மாதப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்டோபர் பில்லை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். இறங்கிய சாமானுக்கு டிக், இறங்காததற்குச் சுழி. சுழி போட்ட சாமானை அதற்கப்புறம் அவள் வாங்கவில்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பி இரண்டு மாதம் ஆயிற்று. நேற்று புது பில் வந்தது. 38 சாமான், 7,815 ரூபாய். பக்கத்திலேயே பதினொரு வரிக்கும் கிலோ விலை எழுதி, எண்ணெய்க்குக் கிராம் கணக்கு வேறு போட்டிருந்தாள். எனக்கு ஒரே பெருமை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் மனைவியிடம் போனை நீட்டினேன். அவள் மேலிருந்து கீழே மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"பெருங்காயம் நாலு டப்பாவா? எதுக்காம்?"

ஒன்றுக்கு ஒன்று இலவசமாம். இரண்டு வாங்கியிருக்கிறாள்.